ஓட்டை விழுந்த குண்டான் போகும் வழி

டிராம்பேயில் பழுதாகும் ஒரு மாவுப் பாத்திரம் செம்பூர், மாட்டுங்கா, தாராவி என்று பயணப்படுகிறது. மும்பைத் தமிழர் குடியேறிய கதையும் குடியெழுப்பப்பட்ட கதையும் அதே வழியில்தான் இருக்கின்றன.

டிராம்பேயின் சீட்டா கேம்ப்பில் ஒரு பாத்திரத்தின் ஆயுள் முடிந்துவிட்டதா என்று அறிய ஒரே சோதனைதான். கழுவிய குண்டானை வாசலுக்குக் கொண்டுவந்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். அடிப்பாகத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு புள்ளி மின்னினால் தீர்ந்தது. இனி அதில் மாவு கரைக்க முடியாது. சில நாள் அது வெங்காயக் கூடையாகும். பிறகு பரணுக்குப் போகும். ஒரு நாள் பரணிலிருந்தும் இறங்கும்.

அலுமினியக் குண்டானில் இந்தப் புள்ளி விழுவதற்கு வீட்டிலேயே காரணம் இருக்கிறது. புளித்த மாவில் அமிலம், அதில் போடும் உப்பு, பிறகு கம்பி நாரால் தேய்ப்பு. அலுமினியத்தின் மேல் தானாகவே படியும் மெல்லிய காப்புப் படலத்தை உப்பு அங்கங்கே அரிக்கும். அரித்த இடம் குழியாகும், குழி ஒரு நாள் ஓட்டையாகும். அதனால்தான் விவரம் தெரிந்த பெண்கள் அலுமினியத்தில் அரிசி ஊறவைப்பார்களே தவிர, மாவை இரவு முழுக்க அதில் விடமாட்டார்கள்.

மாவுப் பாத்திரம் என்பது சமையலறையில் தனி ரகம். வாய் அகலமாக இருக்க வேண்டும், முழங்கை வரை விட்டுக் கரைப்பதற்கு. ஆழமும் வேண்டும், பொங்கி வரும் மாவுக்குப் பாதி இடம் காலியாக இருப்பதற்கு. இந்தக் கணக்குத் தெரியாமல் வாங்கினால் மறுநாள் காலை மேடையெல்லாம் மாவு வழிந்திருக்கும். எனவே பழைய குண்டானுக்குப் பதில் புதியது வாங்குவது டிராம்பே போன்ற இடத்தில் சின்ன விஷயமில்லை. எந்த உலோகம், எவ்வளவு கனம், எத்தனை படி கொள்ளும் என்பதெல்லாம் பேசப்படும். கடைசியில் ஒரு கேள்வி எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வரும்: இது வீணாய்ப்போனால் திரும்ப என்ன கிடைக்கும்?

இந்தக் கேள்வி இங்கே பிறந்ததற்கு ஒரு சரித்திரம் உண்டு.

ஹார்பர் ரயில் பாதையில் மான்கூர்டில் இறங்கித் தெற்கே போனால், ஒரு பக்கம் டிராம்பே மலை, மறு பக்கம் தானே கழிமுகத்தின் சேறும் அலையாத்திக் காடும். ஒரு காலத்தில் தனித் தீவாக இருந்த இந்த நிலத்தில் கோலி மீனவர்கள் நெடுங்காலமாக இருக்கிறார்கள். 1954-இல் இங்கே அணுசக்தி நிறுவனம் வந்தது. 1956 ஆகஸ்ட் 4-ஆம் தேதி 'அப்சரா' அணு உலை இயங்கத் தொடங்கியது. ஹோமி பாபா 1966-இல் விமான விபத்தில் இறந்த பிறகு, 1967-இல் நிறுவனத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதன் ஊழியர் குடியிருப்பான அணுசக்தி நகரிலும் தமிழ்க் குரல்கள் கேட்கும்.

மதிலுக்கு வெளியே வேறொரு தமிழ்க் கூட்டம் இருந்தது. அந்தக் குடியிருப்பின் பெயர் ஜனதா காலனி. நகரத்தின் வேறு இடங்களிலிருந்து அகற்றப்பட்டவர்களும், தமிழ்நாடு, கேரளம், வட மாநிலங்கள் என்று பல திசைகளிலிருந்து வந்தவர்களும் சேர்ந்து உருவாக்கிக்கொண்ட ஊர் அது. பக்கத்திலிருந்த அணு ஆராய்ச்சி மையத்துக்கு அந்த நிலம் தேவைப்பட்டது. கோலார் தங்கவயலிலிருந்து வந்து தச்சு வேலை பார்த்த ஜாக்கின் அற்புதம் என்ற இளைஞர் மக்களைத் திரட்டி எதிர்த்தார். நீதிமன்றம் போனார்கள், பேரணி நடத்தினார்கள், தில்லி வரை போய் முறையிட்டார்கள். நெருக்கடி நிலை வந்ததும் எல்லாம் அடங்கிப்போனது. 1976 மே 17-ஆம் தேதி ஜனதா காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த இடம்தான் சீட்டா கேம்ப்.

தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை நிறுவியவரும் அற்புதம்தான். அவருக்கு 2000-இல் மக்சேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 2018-இல் இறந்தார். மும்பையில் குடிசையை இழப்பது எப்படிப்பட்டது என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முதன்மையானவர் அவர்.

குடிசை இடிபடும்போது முதலில் தெருவுக்கு வருவது பாத்திரம். கூரையையும் சுவரையும் விட்டுவிடலாம், பானை சட்டியை விட முடியாது. அன்று மாலை எங்கே உட்கார்ந்தாலும் மூன்று கல் கூட்டி உலை வைக்க வேண்டும். அதோடு, பாத்திரம் வெறும் பாத்திரமாகவும் இருக்கவில்லை. திருநெல்வேலியிலிருந்தோ சேலத்திலிருந்தோ வந்த குடும்பத்துக்குப் பித்தளைத் தவலையும் வெண்கலப் பானையும்தான் வங்கிக் கணக்கு. பள்ளிக்கூடச் செலவோ மருத்துவச் செலவோ வந்தால் அது அடகுக் கடைக்குப் போகும், கையில் பணம் வந்தால் மீண்டுவரும். பழுதானாலும் எடைக்குப் போட்டால் நல்ல பங்கு கைக்கு வந்துவிடும்.

எவர்சில்வர் வந்தபோது இந்தக் கணக்கு மாறியது. களிம்பு ஏறாது, புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், ஈயம் பூச வேண்டாம். 1981-இல் சேலம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கிய பிறகு, துருப்பிடிக்காத எஃகு என்றால் சேலம் என்ற பேச்சே தமிழ் வீடுகளில் வந்துவிட்டது. பித்தளையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்குவது முன்னேற்றத்தின் அடையாளமாயிற்று. ஆனால் எவர்சில்வரை அடகு பிடிப்பவர் யாருமில்லை. பரணிலிருந்து பித்தளை இறங்கிய அன்று வீட்டுப் பெண்ணின் சேமிப்பும் சேர்ந்தே இறங்கியது. இதை யாரும் அப்போது கணக்குப் பார்க்கவில்லை.

மாற்றும் வேலையைச் செய்ய வாசலுக்கே ஆள் வருவதுண்டு. தலையில் கூடை, கூடைக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பளபளக்கும் பாத்திரங்கள், தோளில் துணி மூட்டை. தமிழ் வீடுகளில் இவர் பாத்திரக்காரி. மராத்தியில் போஹாரின். பெரும்பாலும் குஜராத்தைச் சேர்ந்த தேவிபூஜக் சமூகத்துப் பெண்கள். பணம் வாங்க மாட்டார்கள், பழைய துணிதான் வாங்குவார்கள். ஜரிகை போட்ட பட்டுப் புடவைக்கு மதிப்பு அதிகம், அந்த ஜரிகையில் வெள்ளி இருக்கலாம் என்பதால். பேன்ட்டுக்கு ஒரு மதிப்பு, நைந்த பருத்திச் சேலைக்கு வேறொரு மதிப்பு. வீட்டுக்காரி பெரிய பேசினைக் காட்டுவார். பாத்திரக்காரி சின்னக் கிண்ணத்தை எடுத்து வைப்பார். இன்னும் இரண்டு சட்டை வரும். கிண்ணம் போய் நடுத்தரமான ஒன்று வரும். 'மௌசி' என்று ஒரு பக்கம், 'பெஹன்' என்று மறு பக்கம். இரண்டு பேருக்கும் தாய்மொழி அல்லாத இந்தியில் அரை மணி நேரம் நடக்கும் இந்த வழக்கில் தோற்றவர் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

அடுத்த நிறுத்தம் செம்பூர். ரயிலில் சில நிமிஷம்தான், ஆனால் சமையலறை வேறு. இசைச் சபை, செட்டா நகரில் திருச்செம்பூர் முருகன் கோயில், அலுவலக உத்தியோகம் என்று நிலைத்துவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இங்கே அதிகம். இவர்களுடைய பரணில் இருக்கும் பாத்திரங்களின் விளிம்பில் பெயர் வெட்டியிருக்கும். கல்யாணச் சீராக வந்தது என்றால் பெயரோடு தேதியும். ஒரு காலத்தில் சிற்றுளியும் சுத்தியலுமாகப் புள்ளி புள்ளியாக வெட்டினார்கள். பிறகு மின்சாரப் பேனா வந்தது. பாட்டி பெயர் வெட்டிய அடுக்கில் ஒடுக்கு விழுந்தாலும் மாற்ற மனம் வராது. ஒடுக்கெடுத்து, பிடியைப் பற்றவைத்து, இன்னும் சில காலம் ஓட்டுவார்கள்.

பித்தளையை விடாமல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கவலை, ஈயம் பூசுபவர் கிடைப்பது. பாத்திரத்தைப் பழுக்கக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, உருகிய ஈயத்தைப் பஞ்சால் ஓர் இழுப்பு இழுத்தால் உட்புறம் வெள்ளியாக மாறும். வெண்புகை தெருவெல்லாம் பரவும். மும்பையில் இதற்குக் கலாய் என்று பெயர். தமிழில் இந்த ஈயம் என்ற சொல்லே ஒரு பொறி. வெள்ளீயம் உணவுக்குத் தீங்கில்லாதது. காரீயம் விஷம். இரண்டையும் பேச்சு வழக்கில் ஒரே சொல்லால் சொல்கிறோம். நல்ல கைவினைஞர் வெள்ளீயத்தைத் தவிர வேறெதையும் தொட மாட்டார். அவர் வராமல் போனால் பித்தளையும் பரணில்தான் இருக்க வேண்டும்.

செம்பூரில் அடிக்கடி மாறுவது பாத்திரமல்ல, மிக்ஸி ஜார். இட்லி மாவையும் சட்னியையும் அரைத்து அரைத்து, பிளேடின் அடியிலிருக்கும் புஷ் தேய்ந்து, ஒரு நாள் ஜாரின் கீழே கறுப்புத் தண்ணீர் கசியும். பழுதுபார்க்கும் கடைக்காரர் புஷ்ஷையும் பிளேடையும் மாற்றித் தருவார், உடைந்த கப்ளருக்குப் பதில் புதியது போடுவார். ஜாரையே மாற்றுவது கடைசிப் பட்சம். இந்திய சமையலுக்கான மிக்ஸி உருவானதும் இதே மும்பையில்தான். 1960-களில் எஸ்.பி. மாத்தூர் என்ற பொறியாளர், தன் மனைவியின் வெளிநாட்டு மிக்ஸி நம்மூர் அரைப்புக்குத் தாங்காமல் பழுதானதைப் பார்த்து, அதைவிடச் சக்தியான மோட்டாரோடு 'சுமீத்' மிக்ஸியை உருவாக்கினார். உடைந்த ஒரு சமையலறைச் சாமானுக்கு மாற்றுத் தேடியதில் ஒரு தொழிலே பிறந்தது.

புதுப் பாத்திரம் வாங்குவதென்றால் குர்லாவில் வண்டி மாறி மாட்டுங்காவுக்குப் போவது பழக்கம். மல்லிகைச் சரமும் வாழை இலையும் காப்பிப் பொடி வாசனையும் உள்ள இந்தக் கடைத்தெரு, மும்பைத் தமிழர்களுக்குப் பல தலைமுறைகளாகத் தாய்வீட்டு வாசல். ஆப்பச்சட்டி, குழிப்பணியாரக் கல், இட்லிக் கொப்பரை, டிகாஷன் ஃபில்டர் என்று வடக்கத்திக் கடையில் பெயர் சொன்னாலே புரியாத சாமான்களெல்லாம் இங்கே கிடைக்கும். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு வரும் தன்தேரஸ் அன்று பாத்திரம் வாங்கும் வடக்கத்தி வழக்கத்தையும் பல தமிழ்க் குடும்பங்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. போகிக்குப் பழையதைக் கழிப்பார்கள், தன்தேரஸுக்குப் புதியதை வாங்குவார்கள்.

கடையில் சிலர் கைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுப்பார்கள். ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்பது நம்பிக்கை. இது பாதிதான் உண்மை. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிச் செய்த மலிவான எஃகிலும் காந்தம் ஒட்டாது. ஆனால் அது உப்புக்கும் புளிப்புக்கும் நல்ல ரகம் அளவுக்குத் தாங்காது. காந்தம் ஒட்டும் சில ரகங்களோ சமையலுக்கு ஏற்றவையே. விரலால் சுண்டிப் பார்ப்பது, கையில் ஏந்திக் கனம் பார்ப்பது, விளிம்பைத் தடவிப் பார்ப்பது ஆகியவை காந்தத்தைவிட உதவும். தரமுத்திரை பார்ப்பது இன்னும் நல்லது. எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை 2024-இல் மத்திய அரசு பிறப்பித்தது.

இனி அந்த ஓட்டைக் குண்டான். அது காயலான் கடைக்குப் போய், அங்கிருந்து மூட்டை மூட்டையாகத் தாராவியை வந்தடையலாம். மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடக்கிற தூரம்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிட வந்தவர்கள் காலூன்றிய இடம் இது. விடியுமுன் இட்லி அவித்து, சைக்கிளில் நகரமெங்கும் எடுத்துச் செல்பவர்கள் வாழும் இடமும் இதுதான். தொண்ணூறு அடிச் சாலையில் 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

இங்கே பதின்மூன்றாவது காம்பவுண்டு என்று அழைக்கப்படும் பகுதியில் நகரத்தின் பழைய பிளாஸ்டிக்கும் உலோகமும் பிரிக்கப்படுகின்றன. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், எனவே சிறிய உலையே போதும். எஃகு உருக 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும், அது பெரிய ஆலைகளின் வேலை. எடைக் கடையில் அலுமினியத்துக்கு உடனே மதிப்புக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் சக்தியில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கே, பழைய அலுமினியத்தை உருக்கி எடுக்கத் தேவை. குண்டான், குளிர்பான டப்பா, ஜன்னல் சட்டம் எல்லாம் ஒன்றாக உருகிப் பாளங்களாக வெளியே வருகின்றன.

அந்தப் பாளம் மறுபடி அதே குண்டானாகிவிடாது. நல்ல குண்டான், சுத்தமான தகட்டிலிருந்து வட்டமாக வெட்டி, சுழலும் அச்சில் அழுத்தி வடிக்கப்படுவது. கலவைப் பழசிலிருந்து வரும் பாளம் இயந்திரப் பாகம் போன்ற வார்ப்பு வேலைகளுக்கு ஏற்றது. அதைச் சமையல் பாத்திரமாக வார்த்தால் ஆபத்து. வண்டி உதிரிகளும் மின்சாதனப் பாகங்களும் கலந்த பழைய உலோகத்திலிருந்து வார்த்த பானைகளில் காரீயம் கசிவதை, கேமரூன் நாட்டில் செய்து 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. முத்திரையில்லாத வார்ப்புப் பாத்திரத்தில், அதிலும் புளிப்பான மாவுக்கும் குழம்புக்கும், கை வைக்காமலிருப்பது நல்லது.

சற்றுத் தள்ளிக் கும்பார்வாடா. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் 1930-களிலிருந்து இங்கே இருக்கிறார்கள். வீடுகளுக்கு நடுவே சூளைகள், பருத்திக் கழிவையும் துணிக் கந்தலையும் போட்டு எரிக்கிறார்கள். பாத்திரக்காரிகள் வாங்கிச் சேர்க்கும் துணிகளில் உடுத்தக்கூடியவை விடியற்காலைப் பழந்துணிச் சந்தைக்குப் போகும். எதற்கும் உதவாத கந்தலின் கடைசி வேலை இப்படி ஒரு சூளையில் எரிவதாகவும் இருக்கலாம். மாற்றுப் பாத்திரங்களிலேயே மலிவானது இங்கே கிடைக்கும் மண்சட்டி. அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி வைத்துப் பழக்கிவிட்டால் மீன் குழம்புக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. உடைந்தால் மட்டும் எதுவும் திரும்பக் கிடைக்காது. மண் மண்ணோடு போகும், அவ்வளவுதான்.

ஆக, ஒரு குண்டானை மாற்றுவதற்குப் பின்னால் ஒரு பெரிய சங்கிலி இருக்கிறது. பாத்திரக்காரி, ஒடுக்கெடுப்பவர், கலாய்க்காரர், மிக்ஸி மெக்கானிக், காயலான் கடைக்காரர், உலைக்காரர், குயவர். இவர்களால்தான் ஏழை வீட்டில் உடைந்த பொருளுக்கும் ஒரு விலை இருக்கிறது. இந்தச் சங்கிலியின் முக்கியமான கண்ணிகள் தாராவியில் இருக்கின்றன.

தாராவியின் நிலமோ இப்போது கைமாறும் கட்டத்தில் இருக்கிறது. சுமார் 240 ஹெக்டேர் பரப்புள்ள இந்தப் பகுதியை மாற்றிக் கட்டும் ஒப்பந்தப் புள்ளியை அதானி குழுமம் 2022 நவம்பரில் வென்றது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்பது திட்டம். பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வேறு இடம். ஒழுகாத கூரையும் தனிக் கழிப்பறையும் வேண்டாம் என்று சொல்பவர் யாருமில்லை. ஆனால் சூளையையும் உலையையும் அடுக்குமாடிக்குள் கொண்டு போக முடியாது. அவற்றின் புகையோடு வாழ்ந்து இருமியவர்களுக்கு அது ஆறுதலாகவே இருக்கலாம். அந்தப் புகையில் பிழைத்தவர்கள் எங்கே போவார்கள் என்பதுதான் பதில் தேவைப்படும் கேள்வி.

அந்த வேறு இடம் எது என்று தேடினால் பயணம் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது. 1927-இலிருந்து மும்பையின் குப்பை கொட்டப்பட்ட தேவ்னார் மேட்டின் ஒரு பகுதியைத் தாராவி மறுவாழ்வுக்கு ஒதுக்க 2024-இல் மாநில அரசு முடிவு செய்தது. சீட்டா கேம்ப்பிலிருந்து அது வெகு தூரமில்லை. 1976-இல் ஒரு கூட்டம் பாத்திரங்களைத் தலையில் வைத்துக்கொண்டு இதே கழிமுகக் கரைக்கு வந்தது. இன்னொரு கூட்டத்துக்கும் அதே திசை காட்டப்படுகிறது.

சீட்டா கேம்ப்பில் புதிய குண்டான் வந்துவிட்டது. இந்த முறை கனமான எவர்சில்வர். முதல் நாள் தண்ணீர் நிரப்பி வெயிலில் வைத்தார்கள், மறுநாள் அரிசி களைந்தார்கள், மூன்றாம் நாள்தான் மாவு. பழையது இன்னும் பரணில் இருக்கிறது. அதை எடைக்குப் போட அவசரமில்லை. நிலம் யாருடையது, வீடு யாருடையது என்று யாரோ எங்கோ தீர்மானிக்கும் ஊரில், ஓட்டையாக இருந்தாலும் ஒரு குண்டான் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடிகிறது.